விஞ்ஞானத்தை ஊருக்குள் கதைப்பது எப்படி?

2024 டிசம்பர். வெள்ளம் வடிய முன்னமே யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்த சிலர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மூச்செடுக்க ஏலாமல் போகிறது, ஓரிரண்டு நாளில் ஆள் முடிந்துவிடுகிறார் என்று கதை பரவியது. மாதிரிகள் கொழும்புக்குப் போயின, முடிவு வர நாள் எடுத்தது. அந்த இடைவெளியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் மட்டும் (கனடா, லண்டன், சுவிஸ், கொக்குவில் எல்லாம் சேர்ந்தது) மூன்று காரணங்கள் வந்துவிட்டன. ஒன்று புதுக் கொரோனா, இன்னொன்று தண்ணீரில் விஷம், மற்றது அன்றைக்குக் கொரோனாவுக்குப் போட்ட தடுப்பூசி இப்போது வேலை காட்டுகிறது என்பது. கடைசியில் அது எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்தது. வேளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய நோய், வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை இருக்கிற நோய். ஆனால் "விஷத் தண்ணீர்" கதையைக் கேட்டு, கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுப் போத்தல் தண்ணீர் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதே கிழமை வெறுங்காலோடு வெள்ளத்துக்குள் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதறும்.

அந்தக் குறூப்பில் இருப்பவர்கள் படியாதவர்கள் இல்லை. கணக்காளர் இருக்கிறார், அதிபராக இருந்து ஓய்வுபெற்ற மாமி இருக்கிறார். பயமான ஒரு கேள்வி இருந்தது, பதில் இன்னும் ஆய்வுகூடத்துக்குள் இருந்தது, பதில் வரும்வரை சும்மா இருக்க மனித மனதால் முடிவதில்லை. அவ்வளவுதான் நடந்தது.

சில வருடங்களாக எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதம் ஒருக்கால் இப்படியான விஷயங்களைக் கதைத்து வருகிறேன். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்கள், தாதிமார், குடும்பநல உத்தியோகத்தர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், அல்லது வீட்டில் அம்மாவோடும் அம்மம்மாவோடும் தினமும் இதே வாக்குவாதத்தில் இருப்பவர்கள் என்று யாருக்கும் உதவும் என நினைக்கிறேன்.

நம்பாததற்கும் காரணம் இருக்கிறது

முதல் கூட்டத்தில் எதையும் படிப்பிக்க வேண்டாம். கேளுங்கள். "முந்தி யாராவது நிபுணர் சொன்னதை நம்பி ஏமாந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுக் கால் மணித்தியாலம் வாயைத் திறக்காமல் இருங்கள். எங்கள் பக்கத்தில் முதலில் வருவது சுன்னாகம்தான். 2014, 2015 இல் அந்தப் பக்கக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிரச்சினை பெரிதானபோது சனம் வாளித் தண்ணீரில் மிதந்த படலத்தைக் கண்ணால் கண்டது, மணத்தை மூக்கால் அறிந்தது. பிறகு ஒரு நிபுணர் குழு பயப்பட ஒன்றுமில்லை என்கிற மாதிரிச் சொன்னது, வேறு ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்லின, கடைசியில் 2019 இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்கு மொத்தமாக 2 கோடி ரூபா கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இதை அனுபவித்த ஒருவரிடம் போய் "ஆய்வாளர் சொல்கிறார், நம்புங்கள்" என்றால் அவர் எப்படி நம்புவார்?

இது மட்டும் இல்லை. கொரோனாவில் இறந்தவர்கள் எல்லாரையும் எரித்தே ஆக வேண்டும் என்று 2020 இல் கட்டாயப்படுத்தினார்கள், புதைத்தால் நிலத்தடி நீர் பழுதாகும் என்று விஞ்ஞானத்தின் பெயரில் காரணமும் சொன்னார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியும் 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனைக்கு அளவில்லை. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அதே 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள், விவசாய விஞ்ஞானிகள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத்தான் நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள், ஆனாலும் விளைச்சல் விழுந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு செய்கிறவர்கள் அந்தப் போகத்தை மறக்க மாட்டார்கள்.

இவற்றை மறைத்துக்கொண்டு கூட்டம் நடத்தாதீர்கள். உண்மை எதுவோ அதை "ஓம், அது பிழைதான்" என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கேள்வியைச் சனத்தின் கையில் கொடுங்கள்: இதை ஆராய்ந்து பார்த்தவர் சொன்னாரா, கதிரையில் இருந்தவர் சொன்னாரா? எரிப்பு விஷயத்திலும் பசளை விஷயத்திலும் தரவு ஒரு பக்கம் இருந்தது, கட்டளை மறுபக்கம் இருந்தது. இதை ஒருமுறை பிரித்துப் பார்த்தவர்கள் அடுத்தமுறை "விஞ்ஞானம் எங்களை ஏமாத்திப்போட்டுது" என்று மொத்தமாகச் சொல்வது குறைகிறது, "ஆர் சொன்னது, எதை வைச்சுச் சொன்னது?" என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி வந்தாலே போதும்.

புளியங்கொட்டைக் கணக்கு

இனி நான் அதிகம் செலவழிக்கும் பகுதி. ஏனென்றால் எங்கள் ஊரில் உயிர் போவது பெரும்பாலும் இந்த ஒரு பிழையால்தான்: ஒரு வைத்தியத்துக்குப் பிறகு சுகம் வந்தது, ஆகவே அந்த வைத்தியத்தால்தான் சுகம் வந்தது என்ற எண்ணம்.

பாம்புக்கடியை எடுங்கள். விஷக்கடி பார்க்கும் பரியாரியார் ஒருவர் அநேகமாக ஒவ்வொரு பகுதியிலும் இருந்தார், சில இடங்களில் இன்னும் இருக்கிறார். அவரிடம் போய்த் தப்பியவர்கள் ஊரில் நடமாடுகிறார்கள், பெயர் சொல்லலாம், கை காட்டலாம். அவரைக் கள்ளன் என்று சொன்னால் கூட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. அவர் கள்ளனும் இல்லை, பெரும்பாலும் காசுகூட வாங்காத மனிதர். அதனால் நான் ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுபோவேன்.

பத்துக் கொட்டையை மேசையில் வையுங்கள், பத்துப் பேரைப் பாம்பு கடித்தது என்று சொல்லுங்கள். (விளங்கப்படுத்தப் போடும் எண்தான், ஆய்வு எண் இல்லை என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே நாளைக்கு ஒரு வதந்தி ஆகும்.) இலங்கையில் பல பாம்புகளுக்கு ஆளைக் கொல்லும் விஷம் இல்லை, சாரை கடித்தாலும் கடிதான். விஷப்பாம்பு கடித்தாலும் சிலவேளை விஷம் இறங்காது. எங்கள் குடாநாட்டில் மணற்பாங்கான இடங்களில் நிறையக் கடிப்பது சுருட்டை விரியன், அது வருத்தும், இரத்தம் உறையாமல் செய்யும், ஆனால் இங்கே அதனால் இறப்பது அரிது. இப்படிச் சொல்லிக்கொண்டே ஏழு கொட்டையை ஒரு பக்கம் தள்ளுங்கள். இந்த ஏழு பேரும் வேப்பிலையால் தடவினாலும் தப்புவார்கள், பரியாரியார் மருந்து கட்டினாலும் தப்புவார்கள், ஒன்றும் செய்யாவிட்டாலும் தப்புவார்கள். மிச்சம் மூன்று பேரைக் கடித்தது நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன். கட்டுவிரியன் இரவில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரிதாக நோகாது, வீங்காது, சில மணித்தியாலம் கழித்துக் கண்ணிமை தூக்க முடியாமல் விழும், பிறகு மூச்சு நிற்கும். அந்த ஆளுக்குத் தேவை விஷமுறிவு ஊசியும் மூச்சுக் கொடுக்கும் இயந்திரமும், இரண்டும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கின்றன.

இப்போது கேளுங்கள்: "ஊரில் நடமாடிக்கொண்டு கதை சொல்லுறது இந்தப் பத்தில் ஆர்?" பதில் அவர்களிடமிருந்தே வரும். ஏழு பேர் கதை சொல்வார்கள். மற்ற மூன்று பேர் கதை சொல்ல இல்லை.

ஒரு கூட்டத்தில் வயதான அப்பு ஒருவர் அந்த மூன்று கொட்டையையும் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு "என்ர தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பரியாரியாருக்கு ஒரு வேலையும் கொடுங்கள், இது முக்கியம். கடித்தவரை ஆறுதல் சொல்லி அசையாமல் வைத்திருப்பது, காயத்தைக் கீறாமல் கட்டாமல் விடச் சொல்வது, உடனே வாகனம் பிடித்து அனுப்புவது, இவ்வளவும் அவர் செய்தால் அவர் மரியாதையும் நிற்கும், ஆளும் தப்பும். சனம் முதலில் அவரிடம்தான் ஓடும், அந்த ஓட்டத்தை உங்களால் ஒரு வருடத்தில் மாற்ற முடியாது. ஓடி வந்தவரை அவர் எங்கே அனுப்புகிறார் என்பதை மாற்றலாம்.

இதே கொட்டையை வைத்து டெங்குக் காய்ச்சலுக்கும் பப்பாசி இலைச் சாற்றுக்கும் போகலாம். டெங்கில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது, இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிவது அப்போதுதான். அந்தக் கட்டம் ஓரிரண்டு நாள், அது கடந்தால் இரத்தத் தட்டுகள் தானாக ஏறும். நாலாம் நாள் சாறு குடித்தவருக்கு ஏழாம் நாள் தட்டுகள் ஏறியது, குடியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஏறியது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லக் கதை இல்லை. நான் இந்தச் சாற்றோடு சண்டை பிடிப்பதில்லை. "குடிக்கிறது எண்டால் குடியுங்கோ, ஆனால் காய்ச்சல் விட்ட அண்டைக்கு வயிறு நொந்தால், சத்தி எடுத்தால், சலம் குறைஞ்சால் சாறு அரைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ" என்று சொல்வேன். அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்குளோபினாக் வகை நோக் குளிசைகள் வேண்டாம், பனடோலை அளவோடு எடுங்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே நீங்கள் முடிவெடுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றிலும் மல்லுக்கட்டினால் உயிர்போகிற இடத்தில் உங்கள் பேச்சு எடுபடாது.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு

ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளிடம் "சார்புநிலை" (நினைத்ததற்குப் பொருந்துவதை மட்டும் தேடும் பழக்கம்) என்று விளக்கம் எழுதினால் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். 1960 இல் பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் செய்த சோதனை. பலகையில் 2, 4, 6 என்று எழுதுங்கள். "இந்த மூன்று எண்ணும் என் மனதிலுள்ள ஒரு விதிக்குப் பொருந்தும், நீங்கள் வேறு மூன்று எண் சொல்லுங்கள், பொருந்துமா இல்லையா என்று சொல்கிறேன், விதி தெரிந்துவிட்டது என்று நிச்சயமானால் மட்டும் கையை உயர்த்துங்கள்" என்று சொல்லுங்கள். 8, 10, 12 வரும். ஓம். 20, 22, 24. ஓம். 100, 102, 104. ஓம். கை உயரும்: "இரண்டு இரண்டாய்க் கூடுது சேர்!" இல்லை. வகுப்பு திகைக்கும். உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 500 என்றாலும் பொருந்தும்.

வேசனின் சோதனையிலும் பெரும்பாலானவர்கள் முதலில் பிழையான விதியைத்தான் சொன்னார்கள். காரணம், தாங்கள் நினைத்ததற்குப் பொருந்துகிற எண்களையே கேட்டுக்கொண்டு போனார்கள், பொருந்தாத ஒன்றைப் போட்டு நினைத்ததை உடைத்துப் பார்க்கவில்லை. 6, 4, 2 என்று ஒரு பிள்ளை கேட்டு "இல்லை" வாங்கும்போதுதான் விதி நெருங்கி வரும். அந்த "இல்லை" பிழை இல்லை, அதுதான் அதிகம் சொல்லித்தருகிற விடை என்பதை நன்றாக அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் இருந்து "சரி" மட்டும் தேடப் பழக்கப்பட்டவர்கள். பிறகு கேளுங்கள்: போன கிழமை யூடியூப்பில் பார்த்ததை நம்ப முன் நீங்கள் போட்ட 6, 4, 2 எது?

எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வீட்டில் போய் இதே விளையாட்டைத் தகப்பனோடு விளையாடியிருக்கிறாள், தகப்பன் அடுத்த மாதம் கூட்டத்துக்கு வந்தார். கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்க்க எனக்குத் தெரிந்த சிறந்த வழியும் இதுதான்.

குறூப்பில் வந்த பொய்யை என்ன செய்வது

குறூப்பிலேயே பதில் போடாதீர்கள். நாற்பது பேர் பார்க்க மாமியை நீங்கள் திருத்தினால் அவர் காப்பாற்றப்போவது மானத்தை, அதற்காகப் பொய்யையும் சேர்த்துக் காப்பாற்றுவார். தனியாகப் போன் எடுங்கள். "மாமி, நீங்கள் போட்டதைப் பாத்தனான், எனக்கும் பயமாத்தான் இருந்தது. இது எங்கயிருந்து வந்ததெண்டு தெரியுமோ?" என்று தொடங்குங்கள். பெரும்பாலும் "தெரியாது பிள்ளை, கனடாவில இருந்து தங்கச்சி அனுப்பினது" என்றுதான் வரும். சரி, இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம் என்று சொல்லி உண்மையாகவே சேர்ந்து தேடுங்கள்: படம் எந்த நாட்டில், எந்த வருடம் எடுத்தது, அதில் சொல்லப்படும் டொக்டர் இருக்கிறாரா, வேறு பேப்பர்களில் வந்திருக்கிறதா. பிழை என்று தெரிந்த பிறகு திருத்தத்தை மாமியே குறூப்பில் போடட்டும். அவர் போட்டால் நாற்பது பேரும் கேட்பார்கள், அடுத்தமுறை அனுப்ப முன் அவரே உங்களுக்குப் போன் எடுப்பார். என்னுடைய மாமி இப்போது அப்படித்தான்.

எழுதும்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. "எலிக்காய்ச்சல் தண்ணீர் விஷத்தால் வருவதில்லை" என்று தொடங்கினால் வாசிப்பவர் மனதில் நிற்பது தண்ணீர், விஷம், காய்ச்சல் என்ற மூன்று சொல்தான். 1977 இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூவர் செய்த ஆய்வில், ஒரே கூற்றைச் சில கிழமை இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், அது உண்மையோ பொய்யோ, அதை மேலும் மேலும் உண்மையென மதிப்பிட்டார்கள். கேட்டுப் பழகிய சொல் மனதுக்கு இலேசாகிறது, இலேசானது உண்மை போல் படுகிறது. ஆகவே உண்மையை முதலில் வையுங்கள்: "இந்தக் காய்ச்சல் எலி, மாடு, நாய் போன்றவற்றின் சலம் கலந்த வெள்ளத்தில் இறங்கும்போது காலிலுள்ள காயத்தால் உள்ளே போகிற கிருமியால் வருகிறது." பிறகு பொய்யை ஒரே ஒருமுறை, அது பொய் என்ற எச்சரிக்கையோடு, ஏன் பொய் என்று சொல்லுங்கள். கடைசியில் திரும்ப உண்மை, என்ன செய்ய வேண்டும் என்பதோடு. வதந்தி குரல் செய்தியாகத்தான் வருகிறது, அதனால் நீங்களும் குரல் செய்தியாகவே அனுப்புங்கள், ஒரு நிமிடத்துக்குள், உங்கள் பெயரையும் திகதியையும் சொல்லி.

நான் 2020 இல் ஆவி பிடித்தால் கொரோனா தொண்டையிலேயே சாகும் என்ற ஒன்றை வாசித்துவிட்டு மூன்று குறூப்புக்கு அனுப்பினேன். சுடுநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகளுக்குச் சூடு பட்ட செய்திகளை வாசித்த பிறகுதான் நெஞ்சு இடித்தது. அதே மூன்று குறூப்பிலும் "நான் அனுப்பினது பிழை, அழித்துவிடுங்கள்" என்று போட்டேன். அதற்குப் பிறகுதான் சிலர் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். பிழையை ஒத்துக்கொண்டால் மதிப்பு போய்விடும் என்று பயப்படுகிற இளம் டொக்டர்மாருக்கு இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"முந்தி ஒண்டு சொன்னியள், இப்ப ஒண்டு சொல்லுறியள்"

இந்தக் கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வரும், அதற்கு எங்கள் மண்ணிலிருந்தே பதில் இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பு நன்னீரில்தான் முட்டையிடும் என்று நாங்கள் எல்லோரும் படித்தோம், சிரட்டையையும் ரயரையும் பூச்சாடியையும் கவிழ்த்தோம். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரையோரப் பக்கங்களில் தேடிப் பார்த்தபோது உவர்நீரிலும், உவர்க் கிணறுகளிலும்கூட அதன் குடம்பிகள் வளர்வதைக் கண்டார்கள். முன்னர் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தேடிய இடங்களில் கண்டதைச் சொன்னார்கள், உவர்க் கிணற்றுக்குள் யாரும் சரியாகத் தேடியிருக்கவில்லை. எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள்: டெங்கை ஏடிஸ்தான் பரப்புகிறது என்பது அப்படியே நிற்கிறது, அது எந்தத் தண்ணீரில் வளரும் என்பதில் ஒரு வரி கூடியிருக்கிறது. கரையூர்ப் பக்கம் இதைச் சொன்னபோது "அப்ப எங்கட கிணறுகளையும் மூட வேணும்" என்று அவர்களே சொன்னார்கள்.

தெரியாததையும் இப்படியே சொல்லலாம். இன்னொரு "மர்மக் காய்ச்சல்" வந்தால் நாலு வசனம் போதும்: இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது, முடிவு எப்போது எங்கிருந்து வரும், அதுவரை நாங்கள் செய்ய வேண்டியது இது. நாலாவதை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் வீண், ஏனென்றால் பயந்த மனிதருக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும், நீங்கள் கொடுக்காவிட்டால் வதந்தி கொடுக்கும்.

தடுப்பூசி விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். கை நோகும், காய்ச்சல் வரலாம், மிக அரிதாக ஒவ்வாமை வரும், அதற்காகத்தான் ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் இருத்தி வைக்கிறார்கள் என்று முதலே சொல்லுங்கள், மறைத்தால் முதல் காய்ச்சலோடு உங்கள் பேச்சு முடிந்துவிடும். இன்னொன்று, சின்னமுத்தை (தட்டம்மையை) இப்போதுள்ள தாய்மார் பலர் கண்டதே இல்லை. 2019 இல் இலங்கையிலிருந்து அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, 2023 இல் திரும்ப வந்தது. கண்ணில் படாத நோய் சின்னதாகவும் கண்ணெதிரே நிற்கும் ஊசி பெரிதாகவும் தெரியும். அம்மம்மாமாரைப் பேசவிடுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கிறது. பேச்சாளராகக் கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை, ஊரின் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்துப் பார்த்த குடும்பநல உத்தியோகத்தர் சொன்னால் தாய்மார் கேட்பார்கள்.

எங்கள் சொல்லில் சொல்லுங்கள்

சாமுவேல் கிறீன் 1847 இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்த மிசனரி டொக்டர். மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார், 1873 இல் திரும்பிப் போகுமுன் அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கினார். அவர் பெயரிலான ஆஸ்பத்திரி இன்னும் மானிப்பாயில் நிற்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் அது முடிந்ததென்றால், இன்று ஒரு டெங்கு அறிவித்தலை வாசிக்கிறவருக்கு விளங்குகிற தமிழில் எழுத ஏன் முடியாது என்ற கோபம் எனக்கு உண்டு. அகராதிச் சொல்லை அடுக்கி எழுதிய துண்டுப்பிரசுரத்தைச் சனம் மீன் சுற்றத்தான் பாவிக்கும்.

ஆனால் இலகுவான பெயரிலும் பொறி இருக்கிறது. எலிக்காய்ச்சல் என்று கேட்டவுடன் "எங்கட வீட்டில எலி இல்லை" என்று நிம்மதியாக இருந்தவர்களைக் கண்டேன். மாட்டுத் தொழுவம் கழுவுகிறவருக்கும் வயலில் நிற்கிறவருக்கும் அது வரும். பெயரைச் சொன்ன கையோடு யாருக்கு வரும் என்பதையும் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒரு ஆச்சியிடம் வாசித்துக் காட்டி, என்ன விளங்கினது என்று திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஆச்சி சொல்வதுதான் நீங்கள் எழுதியது.

கிணற்றில் தொடங்குங்கள்

எப்போது தொடங்குவது என்றால், செப்டெம்பர். மாரி மழையோடு டெங்கும் வதந்தியும் சேர்ந்து வரும், அதற்கு முன்னரே "இப்படியான கதைகள் வரும், இந்த விதமாகத்தான் வரும், பெயரில்லாத டொக்டர் குரலில் வரும், உடனே எல்லாருக்கும் அனுப்பு என்று முடியும்" என்று சொல்லி வைத்தால், வரும்போது சனத்துக்கு அடையாளம் தெரியும். பொய் வந்த பிறகு துரத்துவதைவிட இது இலகு.

முதல் வேலையாகக் கிணற்றுத் தண்ணீரை எடுங்கள், யாருக்கும் அதில் அக்கறை இல்லாமல் இருக்காது. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாம். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் அந்தக் கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் வருகின்றன. நிறம், மணம், ருசி ஒன்றும் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோவது தடைப்படலாம். "நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பாவிக்கும் நைத்திரேற்றுப் பரிசோதனைத் தாள் வாங்கி, ஒரே கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முன்னும் அரைவாசியாக வற்றும்வரை கொதிக்க வைத்து ஆறிய பின்னும் தோய்த்து, நிறத்தை அவர்களையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் துல்லியமானதல்ல, அதையும் சொல்லுங்கள், கூடக் காட்டுகிற கிணறுகளை மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.

மழைக்கு முன் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை, பிறகு சித்திரையில் ஒருமுறை எடுங்கள், எண் ஏறி இறங்கும், ஏன் என்று அவர்களே விவாதிக்கத் தொடங்குவார்கள். பேப்பர் வாசிக்கும் மேசைக்கு மேலே ஒரு பலகை மாட்டி, வீட்டுக்காரர் சம்மதித்தால் கிணற்றின் இலக்கத்தையும் திகதியையும் அளவையும் சோக்கால் எழுதுங்கள். சுன்னாகத்தை நினைத்துக்கொண்டு வருகிற ஒருவர், யார் எடுத்த தண்ணீர், யார் தோய்த்த தாள் என்று அந்தப் பலகையிலேயே பார்க்கலாம், சந்தேகம் என்றால் தன் வாளியோடு வந்து திரும்பத் தோய்க்கலாம். முதல் வரியில் உங்கள் வீட்டுக் கிணற்றை எழுதுங்கள். எங்கள் பலகையில் என்னுடையது 50க்கு மேலேதான் நின்றது, அது இன்னும் அழியாமல் அப்படியே இருக்கிறது.